வீட்டில் லிப்ரே ஆபீஸ், கடையில் வேர்ட்: தமிழ் ஃபைல் கலையாமல் கொண்டுபோவது எப்படி?

சேலம் நான்கு ரோடு, பழைய பஸ் நிலையம் பக்கம் எந்த டிடிபி கடையில் நுழைந்தாலும் அநேகமாக மைக்ரோசாஃப்ட் வேர்ட்தான் இருக்கும். வீட்டில் இலவச லிப்ரே ஆபீஸில் அடித்த விண்ணப்பத்தையோ, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையின் கூலிப் பட்டியலையோ பென்டிரைவில் கொண்டுபோனால், ஒரு பக்கம் இரண்டாகிக் கட்டங்கள் விலகி நிற்கும். இரண்டும் ஒத்தே போகாது என்று பலர் அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் ஃபாண்ட்தான், அதைச் சரிசெய்துவிடலாம்.

முதலில் ஃபைல் வகை. லிப்ரே ஆபீஸின் சொந்த வகை ஓடிடி (.odt). 2006இல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் தரமானது. வேர்டின் டாக்எக்ஸ் (.docx) 2007 பதிப்போடு வந்தது. 2008இல் அதுவும் ஐஎஸ்ஓ தரமானது. நீங்கள் மட்டும் திருத்தும் ஃபைலை ஓடிடியாகவே வைத்துக்கொண்டு, அனுப்பும்போது மட்டும் 'சேவ் ஆஸ்' கொடுத்து டாக்எக்ஸ் நகல் எடுங்கள். கடைக்கும் வீட்டுக்கும் போய்வரும் ஃபைல் என்றால் தொடக்கம் முதலே டாக்எக்ஸ். சேமிக்கும்போது எந்த வகை என்று பெட்டி வந்து கேட்டால், வேர்ட் வகையையே அழுத்துங்கள். மாற்றி மாற்றிச் சேமிப்பதுதான் கெடுதல்.

அடுத்தது ஃபாண்ட். இங்கே அவசரப்படாதீர்கள். பாமினி போன்ற பழைய ஃபாண்ட்கள் யூனிகோட் அல்ல. யூனிகோட் என்பது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை. அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் உங்கள் தமிழ் வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். கடைக்காரர் "பாமினியில அடிச்சுத் தரட்டுங்களா?" என்று கேட்டால், "யூனிகோடிலேயே அடிங்கண்ணா" என்று தயங்காமல் சொல்லுங்கள். விண்டோஸில் நிர்மலா யூஐ என்ற யூனிகோட் ஃபாண்ட் இருக்கும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இலவசமான நோட்டோ சான்ஸ் தமிழைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் கடையில் நோட்டோ இல்லாவிட்டால் வேர்ட் வேறொன்றை எடுத்துக்கொள்ளும். எழுத்தின் அகலம் மாறும், வரி மாறும், பக்கமும் மாறும். அதனால் ஃபைல் மெனுவில் ப்ராபர்ட்டீஸ் திறந்து, ஃபாண்ட் பகுதியில் 'எம்பெட் ஃபாண்ட்ஸ்' என்பதை டிக் செய்தபின் சேமியுங்கள். ஃபாண்ட் ஃபைலுக்குள்ளேயே போய்விடும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: லிப்ரே ஆபீஸ் தமிழைக் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட்' என்று தனியாக வைத்திருக்கிறது. ஃபார்மேட் மெனுவின் கேரக்டர் பெட்டியில் ஆங்கிலத்துக்கு ஒரு ஃபாண்டும் அளவும், தமிழுக்கு வேறொன்றும் இருக்கும். ஆங்கிலத்தில் 12 வைத்துவிட்டுத் தமிழ் ஏன் மாறவில்லை என்று தேடாமல், இரண்டையும் பாருங்கள்.

அடுத்த பக்கத்துக்குப் போக என்டரைத் தட்டிக்கொண்டே போகாதீர்கள். கண்ட்ரோலும் என்டரும் சேர்த்து ஒரே தட்டு. எண்களை நேராக நிறுத்த ஸ்பேஸ் வேண்டாம், டேப் அல்லது டேபிள் போதும்.

எக்ஸெல் கணக்கில் கூட்டல், சராசரி போன்றவை அப்படியே வரும். மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு கட்டளைத் தொகுப்பு) இருந்தால் மட்டும் முன்கூட்டியே ஓட்டிப் பாருங்கள். எல்லா மேக்ரோவும் லிப்ரே ஆபீஸில் ஓடாது.

பிரின்ட் மட்டும்தான் வேண்டும் என்றால் பிடிஎஃப் கொடுங்கள். லிப்ரே ஆபீஸின் பிடிஎஃப் எக்ஸ்போர்ட் பெட்டியில் 'ஹைப்ரிட் பிடிஎஃப்' என்று ஒரு டிக் உண்டு. அதைப் போட்டால் ஓடிடியும் பிடிஎஃபுக்குள்ளேயே இருக்கும்: கடையில் அச்சாகும், வீட்டில் அதையே லிப்ரே ஆபீஸில் திறந்து திருத்தலாம்.