சயின்ஸ் கிட் வாங்கும் முன் போனைப் பாருங்கள்

பிள்ளைகளுக்கு விலையுயர்ந்த சயின்ஸ் கிட் வாங்கும் முன், வீட்டு ஸ்மார்ட்போனில் ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியைப் போடுங்கள். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவானது.

போனுக்குள் முடுக்கமானி (வேகம் மாறுவதை உணரும் கருவி), மைக் போன்றவை ஏற்கெனவே இருக்கின்றன. செயலி அவற்றை ஆய்வுக் கருவியாக மாற்றிவிடுகிறது. இதில் உள்ள ஒலி ஸ்டாப்வாட்ச், ஒரு சத்தத்தில் ஓடத் தொடங்கி அடுத்த சத்தத்தில் நிற்கும். 1 மீட்டர் உயரத்தில் ஸ்கேலை நீட்டிப் பிடித்து, நுனியில் ஓர் இரும்பு நட்டை வையுங்கள். ஸ்கேலைப் பக்கவாட்டில் டக்கென்று தட்டிவிட்டால், நட்டு தரையில் விழும்வரை சுமார் 0.45 விநாடி காட்டும். உயரத்தின் இரு மடங்கை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் விடை 9.8-க்குப் பக்கத்தில் வரும். அட, புவியீர்ப்பு முடுக்கம் என்று புத்தகத்தில் மனப்பாடம் செய்த அதே எண்தான்!

எதிரொலியிலேயே கடிகாரம் நின்றுவிட்டால், குறைந்தபட்சத் தாமதத்தை 0.1 விநாடியாக மாற்றுங்கள். இரைச்சலான வகுப்பறையில் இந்த ஒலிச் சோதனை சரிப்படாது. பஞ்சு, காகிதம் போன்றவற்றுக்குக் காற்றுத்தடை கணக்கைக் கெடுத்துவிடும். செயலியில் உள்ள, லிஃப்ட் ஏறும் உயரத்தை அளக்கும் சோதனைக்குக் காற்றழுத்தமானி வேண்டும். விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது இருக்காது.