தாது வருஷப் பஞ்சத்தை எந்தப் பட்டியலில் தேடுவது?

ஆய்வு மாணவர்கள் என் மேசைக்கு வந்து, "எல்லா இடத்துலயும் தேடிட்டேன் மேடம், ஒண்ணுமே இல்ல" என்பார்கள். எல்லா இடம் என்றால் கூகுளும் ஏதோ ஒரு நூலகத்தின் இணையப் பட்டியலும். என்ன தட்டினீர்கள் என்று கேட்டால், எல்லாவற்றிலும் அதே ஒரு சொல்லாகத்தான் இருக்கும்.

1876–78 பஞ்சத்தையே எடுத்துக்கொள்வோம். கணினியைத் தொடும் முன் அதற்கு உள்ள பெயர்களையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். தாது வருஷப் பஞ்சம், தாது வருடப் பஞ்சம், க்ஷாமம், மெட்ராஸ் ஃபேமின். பழைய வழக்கில் கருப்பு என்றாலும் பஞ்சம்தான். அதைத் தனியாகத் தட்டினால் நிறத்தைப் பற்றிய புத்தகமெல்லாம் வந்து குவியும். தாது என்று மட்டும் தட்டினால் சித்த மருத்துவம். இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

அடுத்து, ஆங்கில எழுத்தில் தேடும் முறை. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். வெளிநாட்டு நூலகங்கள் பலவும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறைப்படி தமிழைப் பதிகின்றன. அது ஒலியைப் பார்க்காது, எழுத்தைப் பார்க்கும். ச எங்கே வந்தாலும் சி, த எங்கே வந்தாலும் டி (T; D அல்ல). ஆக, பஞ்சம் என்பது பி-ஏ-என்-சி-ஏ-எம். தாது என்பது டி-ஏ-டி-யு. நம் பழக்கத்தில் ஜே, டிஎச் எல்லாம் போட்டால், உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட்டில் புத்தகம் இருந்தும் கண்ணில் படாது. ழகரத்துக்கு வெறும் எல் போதும், இசட்எச் வேண்டாம். மேலே கீழே வரும் கோடு, புள்ளிகளைப் பெரும்பாலான பட்டியல்கள் பொருட்படுத்துவதில்லை. நம் ஊர்ப் பட்டியல்களில் இந்த ஒழுங்கை எதிர்பார்க்காதீர்கள்; தமிழ் எழுத்து, பேச்சொலி எழுத்து எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள்.

பொருத்தமான ஒரு பதிவு கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. புத்தகம் எதைப் பற்றியது என்று அதில் குறித்திருக்கும் பொருள் தலைப்பைச் சொடுக்கினால், பெயரில் பஞ்சம் என்ற சொல்லே இல்லாத புத்தகங்களும் வரிசையாக வரும்.

சரி, எங்கெல்லாம் போவது? குஜிலிப் பாட்டுப் புத்தகங்களுக்கு, அதாவது தெருவில் மலிவாக விற்ற சிறு பாட்டுப் புத்தகங்களுக்கு, முதலில் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகப் பட்டியல். அப்புறம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இன்டர்நெட் ஆர்க்கைவ். பஞ்சத்தில் ஏராளமானோர் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனதால் இலங்கைத் தமிழ் நூல்களுக்கான ‘நூலகம்’ என்ற இணையதளத்தையும் விடக்கூடாது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஆய்வேடு கிடைத்தால் நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். உங்களுக்கு வேண்டியது அங்குள்ள நூல்பட்டியல்தான்.

கணினிக்கு முந்தைய அச்சுப் பட்டியல்களை யாரும் சீண்டுவதில்லை என்பது என் நெடுநாள் குறை. மர்டாக் தொகுத்த தமிழ் அச்சுநூல் பட்டியல் 1865இல் வந்தது, இந்தப் பஞ்சத்துக்கு உதவாது. பார்னெட்டும் போப்பும் தொகுத்த பிரிட்டிஷ் மியூசியம் தமிழ்நூல் பட்டியல் 1909இல் வந்தது, அது உதவும். எனக்குப் பிடித்தது இன்னொன்று: 1867ஆம் ஆண்டின் 25ஆவது சட்டப்படி அச்சான புத்தகங்களைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பதிவுகள் காலாண்டுப் பட்டியலாக சென்னை மாகாண அரசிதழான ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் கெஜட்டோடு வந்தன. அச்சகம், பக்கம், விலை, எத்தனை பிரதி அடித்தார்கள் என்பது வரை இருக்கும். புத்தகமே இன்று எங்கும் இல்லாவிட்டாலும், அப்படி ஒன்று வந்தது என்பதற்கு இது சாட்சி.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குச் சொல்லை வைத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே துறை, ஆண்டு, அரசாணை எண் வேண்டும்.

எந்தப் பட்டியலில், எந்த எழுத்துக்கூட்டலில், எந்தத் தேதியில் தேடினீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒன்றும் வராததையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் அதையே மறுபடி தட்டிக்கொண்டிருப்பீர்கள். இரண்டு இடத்தில் ஒரே தலைப்பு வந்தால் அச்சகத்தையும் பக்க எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். பாட்டுப் புத்தகங்களைப் பல அச்சகங்கள் போட்டிருக்கும். 8 பக்கமும் 16 பக்கமும் ஒரே நூலாக இருக்காது. நேரில் போகும் முன் பதிவு எண்ணைச் சொல்லிப் போன் செய்துவிடுங்கள். மூலப் பிரதி நைந்திருந்தால் மைக்ரோஃபிலிம்தான் தருவார்கள். படிக்க அது போதும். பின்னட்டை விளம்பரம் வேண்டுமென்றால் அதுவும் படமெடுக்கப்பட்டிருக்கிறதா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.