ஓ பேராக ஜெர்மனி செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓ பேர் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சமநிலையில் இருத்தல் என்று பொருள். அயல்நாட்டுக் குடும்பம் ஒன்றோடு அதன் உறுப்பினர்போலத் தங்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே அந்நாட்டு மொழியைக் கற்கும் ஏற்பாட்டுக்கு இப்பெயர் வழங்குகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இதைக் கேள்விப்படுவோர் பெரும்பாலும் 'வெளிநாட்டு வேலை' என்றே எடுத்துக்கொள்கிறார்கள். மற்றத் தவறுகள் பலவும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

ஜெர்மனியில் ஓ பேருக்குக் கிடைப்பது மாதம் 280 யூரோ கைச்செலவுப் பணம். அது சம்பளம் அன்று. அறையும் உணவும் காப்பீடும் குடும்பத்தின் பொறுப்பு. மொழி வகுப்புக்கென மாதம் 70 யூரோவும் அவர்கள் தர வேண்டும். வேறு வேலை பார்க்க அனுமதி இல்லை. ஓராண்டு முழுவதும் கைக்கு வருவதே 3,360 யூரோ என்னும்போது, நகையை அடகு வைத்துத் தரகருக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, அங்கே போய் அடைத்துவிடலாம் என்று கணக்குப் போடுவது எப்படிப் பார்த்தாலும் கட்டுபடியாகாது.

விண்ணப்பிக்கும்போது 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 27 நிறைந்திருக்கக் கூடாது. அங்குள்ள சித்தி வீட்டுக்கே போய்விடலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். உறவினர் வீட்டில் ஓ பேராக இருக்க முடியாது. உறவே இல்லாவிட்டாலும், ஜெர்மன் தாய்மொழியாக இல்லாத, இந்தியாவிலிருந்தே சென்று குடியேறிய பெற்றோரின் வீடு நம்மவருக்கு ஏற்கப்படுவதில்லை. தமிழ் பேசும் வீட்டில் ஜெர்மன் எப்படி வரும் என்று யோசித்தால் விதியின் நியாயம் விளங்கும். ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இன்னொரு தடுமாற்றமும் உண்டு. பெங்களூரு பக்கத்தில் இருப்பதால் அங்குள்ள மேக்ஸ் முல்லர் பவன் என்ற ஜெர்மன் மொழி நிலையத்தில், விசாவுக்கு வேண்டிய ஏ1 என்னும் தொடக்கநிலை ஜெர்மன் தேர்வை எழுதலாம். ஆனால் வசிப்பிடத்தை வைத்தே விசா விண்ணப்பம் பிரிக்கப்படுவதால், தமிழ்நாட்டில் வசிப்போர் சென்னைத் துணைத் தூதரகத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும்.

அந்த ஏ1 சான்றிதழை மனப்பாடத்தில் வாங்குவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். விசா நேர்காணலில் அதிகாரி ஜெர்மனில் ஒரு கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் உருப்போட்டவர் திகைத்து நிற்பார்; அதையும் தாண்டிப் போய்விட்டால், மூன்று வயதுக் குழந்தை அழுதுகொண்டே சொல்வது புரியாமல் அதைவிட அதிகம் திகைப்பார். ஜெர்மன் இலக்கணம் நமக்கு முற்றிலும் அந்நியமும் அன்று. துணை வாக்கியங்களில் அவர்களும் நம்மைப்போல வினைச்சொல்லை இறுதியில் வைக்கிறார்கள். பெயர்ச்சொற்களின் பாலில்தான் இடறுவோம். உயர்திணை, அஃறிணை என்று பொருளைப் பார்த்துப் பிரித்துப் பழகிய நமக்கு, சிறுமியைக் குறிக்கும் 'மேட்சென்' என்ற சொல் அவர்களிடம் ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத மூன்றாவது பால் என்பது வேடிக்கையாக இருக்கும். ஆகவே ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதன் முன்னால் வந்து பாலைக் காட்டும் டெர், டீ, டாஸ் என்ற சொல்லோடு சேர்த்தே பழக வேண்டும்.

போன பிறகு, அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு ஆங்கிலம் தெரிகிறது என்பதற்காக ஆங்கிலத்திலேயே ஓராண்டை ஓட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். தேன்கனிக்கோட்டைச் சந்தையில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் அவற்றை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. காதில் விழுந்ததைத் தப்பும் தவறுமாகத் திருப்பிச் சொல்லியே பழகினார்கள். அதே துணிச்சல் அங்கும் வேண்டும். அதற்குக் குழந்தைகளே நல்ல ஆசிரியர்கள், ஏனெனில் அவர்கள் சலிக்காமல் திருத்துவார்கள்.

வேலை நேரத்தில் கூச்சம் உதவாது. குழந்தைகளைப் பார்ப்பதும் சிறு வீட்டு வேலைகளும் சேர்த்து நாளுக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரம் என்பதே வரம்பு. இரவில் பெற்றோர் வெளியே போயிருக்கும்போது குழந்தைக்குத் துணை இருப்பதும் இந்தக் கணக்கில் அடங்கும். வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு உரியது. பெரியவர்கள் சொன்னால் மறுக்கக் கூடாது என்று வளர்ந்த நம் பிள்ளைகள், முழு வீட்டையும் கழுவித் துடைக்கச் சொன்னாலும் தலையாட்டிவிடுகிறார்கள். முதல் வாரத்திலிருந்தே நேரத்தை ஒரு நோட்டில் குறித்துவருவதும், ஒப்பந்தத்தின் நகலை ஊரில் ஒருவரிடம் கொடுத்துவைப்பதும் பின்னால் பேச்சு வரும்போது கைகொடுக்கும். ஒத்துவராவிட்டால் வேறு குடும்பத்துக்கு மாறலாம். ஆனால் மொத்தக் காலம் ஓராண்டைத் தாண்டாது. ஓ பேர் அனுமதி ஒருவருக்கு இரண்டாம் முறை கிடைப்பதும் இல்லை.