அரசு தொடக்கப் பள்ளிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி? பெற்றோருக்கான செய்முறை

மகளை முதல் வகுப்பில் சேர்க்கும் முன் எங்கள் ஒன்றியத்தின் அரசுப் பள்ளிகளை நான் ஒப்பிட்ட முறையை இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்பு வரை பொதுத்தேர்வு இல்லாததால் தேர்ச்சி விழுக்காடு என்ற அளவுகோல் இங்கே உதவாது. கூகுள் வரைபடத்தில் காணப்படும் நட்சத்திரங்களை நான் பொருட்படுத்துவதே இல்லை. அவற்றில் பெரும்பாலானவை பழைய மாணவர்களின் பாசத்தால் இடப்பட்டவை.

முதலில் பட்டியல். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. நடுநிலைப் பள்ளிகளிலும் முதல் ஐந்து வகுப்புகள் இருப்பதால் இரண்டு வகையையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் வேறு துறையின் கீழ் வருவதால் பலர் அவற்றை விட்டுவிடுகிறார்கள், அவற்றையும் விடாதீர்கள்.

அடுத்து, ஒவ்வொரு பள்ளியின் யுடைஸ் எண்ணை, அதாவது நாட்டின் பள்ளிகள் பற்றிய அரசுத் தரவுத்தளத்தில் அதற்குரிய அடையாள எண்ணை, கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படியில்தான். யுடைஸ் பிளஸ் தளத்தின் 'நோ யுவர் ஸ்கூல்' பக்கத்தில் பள்ளியின் பெயரைத் தட்டினால், ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்று மாறினாலும் பள்ளி அகப்படாது. 'ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளி' என்பதை அங்கே 'பி.யூ.பி.எஸ்.' என்றும் நடுநிலைப் பள்ளியைப் 'பி.யூ.எம்.எஸ்.' என்றும் சுருக்கியிருப்பார்கள். மேலும் பள்ளி நாம் அழைக்கும் குடியிருப்பின் பெயரில் இல்லாமல் தாய்க் கிராமத்தின் பெயரில் பதிவாகியிருக்கலாம். ஆகவே பெயரால் தேடுவதை விட்டு, மாநிலம், மாவட்டம், ஒன்றியம் என்று படிப்படியாகத் தேர்ந்தெடுத்து முழுப் பட்டியலையும் வரவழைப்பதே நல்லது. இன்னும் எளிய வழியும் உண்டு: பல பள்ளிகளின் பெயர்ப்பலகையிலேயே இந்த எண் எழுதப்பட்டிருக்கும். அது 11 இலக்க எண்; தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33 என்று தொடங்கும். கைப்பேசியில் பக்கம் நெருக்கியடித்துத் தெரியும். கணினியில் பார்ப்பது கண்ணுக்கு நல்லது.

எண் கிடைத்ததும் பள்ளி அறிக்கையைத் திறந்து, வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, நல்ல நிலையிலுள்ள வகுப்பறைகள், பயன்பாட்டிலுள்ள கழிப்பறைகள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எக்செல் தேவையில்லை. அங்கே இருப்பது முந்தைய கல்வியாண்டின் நிலவரம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இனி கணக்கு. கல்வி உரிமைச் சட்டம் (2009) தொடக்க நிலையில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்களையும், 61 முதல் 90 வரை மூவரையும், 91 முதல் 120 வரை நால்வரையும், 121 முதல் 200 வரை ஐவரையும் கேட்கிறது. எல்லோரும் பார்ப்பது ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதைத்தான். 40 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும் உள்ள பள்ளியில் ஆசிரியருக்கு 20 பேர். 145 பிள்ளைகளும் ஐந்து ஆசிரியர்களும் உள்ள பள்ளியில் 29 பேர். எண்ணை மட்டும் பார்த்தால் முதல் பள்ளிதான் சிறந்தது. ஆனால் அந்த ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளை இருவர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அவர்களில் ஒருவர் தலைமையாசிரியராகப் பதிவேடுகளையும் எமிஸ் (மாநில அரசின் இணையவழிப் பள்ளித் தகவல் அமைப்பு) பதிவுகளையும் சேர்த்துச் சுமப்பவர். எனவே நான் ஆசிரியருக்கு எத்தனை வகுப்புகள் என்று கணக்கிட்டு, அதையே முதல் அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

நடுநிலைப் பள்ளிகளில் இந்தக் கணக்கைக் கவனமாகப் போட வேண்டும். எட்டு ஆசிரியர்கள் என்று இருந்தால், அதில் தலைமையாசிரியரையும் ஆறு முதல் எட்டு வரை கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர் மூவரையும் கழித்தபின், ஐந்து வகுப்புகளுக்கு நால்வரே எஞ்சுவர். யார் எந்த நிலைக்குக் கற்பிக்கிறார் என்ற பிரிவும் அறிக்கையிலேயே இருக்கிறது.

கடைசியாக, குறைந்தது இரண்டு பள்ளிகளுக்காவது வேலைநாளில் நேரில் செல்லுங்கள். முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்பது முறை. கரும்பலகையின் மூலையில் அன்றைய பதிவும் வருகையும் எழுதும் வழக்கம் உண்டு. பதிவில் 30 இருந்து வருகையில் 17 இருந்தால் காரணத்தைக் கேளுங்கள். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் நடப்பதால், முதல் மணிக்கு முன்பே சென்றால் சமையலின் தரத்தையும் பிள்ளைகள் வந்து சேரும் நேரத்தையும் பார்த்துவிடலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரே; அவர்களில் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசுவது, பளபளக்கும் ஸ்மார்ட் வகுப்பறையைப் பார்ப்பதை விடப் பயன் தரும் என்பது என் கருத்து.

பின்சேர்க்கை: அறிக்கையில் நான்கு ஆசிரியர்கள் இருந்தும் பள்ளியில் மூவரே இருக்கிறார்களே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்கு அனுப்பப்பட்டவரும் நீண்ட விடுப்பில் இருப்பவரும் எண்ணிக்கையில் தொடரக்கூடும். இதை நேரில்தான் கேட்டறிய வேண்டும்.

மற்றொருவர் ஆங்கில வழிப் பிரிவைப் பற்றிக் கேட்டார். அறிக்கையில் இரு வழிகளும் குறிக்கப்பட்டிருந்தாலும், சிறிய பள்ளிகளில் இரு பிரிவுப் பிள்ளைகளும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம் அமர்ந்திருப்பதுண்டு. அப்படியானால் மேலே சொன்ன கணக்கில் அந்த ஆசிரியருக்கு இன்னொரு வகுப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள்.