மூன்று நிமிடத்தில் சாட்சி சொல்ல

சாட்சி என்பது இயேசு உங்கள் வாழ்க்கையை எப்படி மாற்றினார் என்று பிறருக்குச் சொல்வது. வேதாகமத்தில் அப்போஸ்தலர் 26-ஆம் அதிகாரத்தில் அகிரிப்பா ராஜாவுக்கு முன் பவுல் பேசியதை முதலில் வாசியுங்கள். பழைய வாழ்க்கை 4–11 வசனங்களில், இயேசுவைச் சந்தித்தது 12–18-இல், அதன்பின் நடந்தது 19–23-இல். இதே வரிசையில் உங்கள் சாட்சியை ஒரு பக்கத்துக்குள் எழுதி, கடிகாரம் வைத்துச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

பெரும்பாலும் தடம் மாறுவது முதல் பகுதியில்தான். பழைய பாவங்களை விவரித்தே நேரம் போய்விடும், கேட்பவர் மனதில் கிறிஸ்து நிற்கமாட்டார். முதல் பகுதிக்கு அரை நிமிடம் போதும். நடுப்பகுதியில் 1 கொரிந்தியர் 15:3, 4-இன் சாரம் கட்டாயம் வரவேண்டும்: கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார். இது இல்லையென்றால் அது வெறும் சொந்தக் கதை.

'இரட்சிப்பு', 'அபிஷேகம்' எல்லாம் சபைக்குள் புழங்கும் சொற்கள், வெளியாருக்கு விளங்காது. 'மன்னிப்புக் கிடைத்தது' என்றே சொல்லுங்கள்.

கேட்பவர் வணங்கும் தெய்வத்தைப் பழிக்க வேண்டாம். நோய் தீரும், கடன் அடையும் என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். நடக்காதபோது அவர் கர்த்தரையே வெறுப்பார். 'சாந்தத்தோடும் வணக்கத்தோடும்' என்கிறது 1 பேதுரு 3:15.

முடித்ததும் அவரைப் பேசவிடுங்கள். விரும்பிக் கேட்டால் மாற்கு சுவிசேஷம் கொடுங்கள், 16 அதிகாரங்கள்தான்.