இஸ்லாம் பாடத்தில் புதிய ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் ஆரம்ப வகுப்புகளுக்கு இஸ்லாம் பாடம் எடுக்க வரும் இளம் ஆசிரியர்கள், நாங்கள் முன்பு விட்ட பிழைகளையே திரும்பவும் விடுகிறார்கள். பிந்தி வருவது, ஆயத்தமின்றி வருவது போன்றவற்றை அதிபர் பார்த்துக்கொள்வார்.

தொழுகை அட்டவணைக்குப் பரிசு கொடுத்தல்

சனி முதல் வெள்ளி வரை 35 கட்டங்கள் கொண்ட தாளைக் கொடுத்து, தொழுத வக்துகளுக்கு (ஐந்து நேரத் தொழுகை வேளைகளுக்கு) அடையாளமிட்டு, உம்மாவின் கையொப்பத்துடன் கொண்டுவரச் சொல்வதும், நிரம்பிய தாளுக்கு நட்சத்திரம் ஒட்டுவதும் இன்னமும் நடக்கின்றன. இதைக் காணும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. தரம் 3இல், சுபஹுக் (அதிகாலைத் தொழுகை) கட்டங்கள் இரண்டை வெறுமையாக விட்டு வந்த பிள்ளையை எழுப்பிவைத்து, மற்றவர்கள் எல்லோரும் தொழும்போது உங்களுக்கு மட்டும் என்ன என்று ஆசிரியர் கேட்டார். அடுத்த வாரம் அந்தப் பிள்ளையின் தாளும் நிரம்பியிருந்தது. எல்லா அடையாளங்களும் ஒரே பேனையால், ஒரே சாய்வில். வெள்ளி காலை கையளித்த தாளில் அன்றிரவுத் தொழுகையான இஷாவும் தொழப்பட்டிருந்தது! நட்சத்திரமும் கிடைத்தது.

ஒன்று தருவதாகச் சொல்லி மகனை அழைத்த தாயிடம், எதைக் கொடுக்க நினைத்தீர் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். ஒன்றும் கொடுக்காதிருந்தால் உம்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்றார்கள் நபியவர்கள். இந்த ஹதீஸை (நபிமொழியை) படிப்பித்துவிட்டு, அதே வகுப்பில் பொய்க்கு நட்சத்திரம் ஒட்டுகிறோம். தொழும்படி ஏவச் சொல்லப்பட்ட வயதே ஏழுதான். தரம் 1 பிள்ளைகளில் பெரும்பாலானோர் அதை எட்டாதவர்கள். கணக்கு வேண்டுமென்றால் அது வீட்டோடு இருக்கட்டும். வகுப்பில் வாயால் கேளுங்கள். தொழவில்லை என்று சொல்லும் பிள்ளையை, உண்மை சொன்னதற்காக முதலில் பாராட்டுங்கள்.

நரகத்தைக் காட்டி மிரட்டுதல்

இந்த வயதில் வேண்டவே வேண்டாம்.

அயலவரைச் சுருக்குதல்

குர்ஆனின் அந்நிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனம் உறவான அயலவரையும் அந்நிய அயலவரையும் சேர்த்தே சொல்கிறது. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பின் புத்தளத்தில் வளர்ந்து, இங்கு மீளக் குடியேறிய பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பக்கத்து வீடு சைவ வீடாகவோ கத்தோலிக்க வீடாகவோ இருக்கலாம். பாடத்தில் வரும் உதாரணமோ எப்போதும் இன்னொரு முஸ்லிம் வீடு. வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள், நமது யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா என்றே கேட்டார்கள். நோன்புக் கஞ்சி எந்த வீட்டுக்குப் போனது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாடத்தைத் தொடங்கலாம்.

உண்ணும் ஒழுங்கைக் கரும்பலகையில் எழுதுதல்

இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டி திறக்கும்போது சொல்லுங்கள்.