வான் தாக்குதலின்போது குடும்பங்கள் செய்யும் தவறுகள்

2009 பெப்ரவரி 20 இரவு விடுதலைப் புலிகளின் இரண்டு சிறு விமானங்கள் கொழும்பை நோக்கி வந்தபோது, நகரின் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளின் வெளிச்சக் கோடுகள் வானெங்கும் பாய்ந்தன. அதனை வேடிக்கை பார்க்கப் பிள்ளைகளோடு மொட்டை மாடிக்கு ஏறியவர்களும் இருந்தார்கள். முதல் தவறு இதுவே. மேலே சுடப்பட்ட சன்னங்கள் எங்கேயாவது கீழே விழுந்தே ஆகவேண்டும். ஒரு விமானம் உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டிடத்தில் மோதியது; விமானம் எங்கே விழும் என்பதையும் எவராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வளர்ந்தவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் கிபிர் போர் விமானத்தின் இரைச்சல் கேட்டதும் அவர்கள் பங்கருக்குள், அதாவது பதுங்குகுழிக்குள், இறங்கிவிடுவார்கள்.

கொழும்பின் தொடர்மாடிகளில் பங்கர் இல்லை என்பதற்காக யன்னலோரக் கட்டிலிலேயே படுத்திருப்பது அடுத்த தவறு. குண்டு தூரத்தில் விழுந்தாலும் அதன் அதிர்வில் கண்ணாடி சிதறிக் காயப்படுத்தும். ஒட்டுநாடா ஒட்டினாலும் கண்ணாடி உடையாமல் இருக்காது. யன்னலில்லாத உள்ளறை, கட்டிடத்தின் உள் நடைவழி, கீழ்த்தளம் ஆகியவற்றில் வெளிப்புறத்துக்கும் உங்களுக்கும் இடையே இரண்டு சுவர்களாவது இருக்கும் இடத்தை முன்னரே தெரிந்துவைத்து, அங்கே தரையோடு தரையாகப் படுக்க வேண்டும். மின்சாரம் எந்நேரமும் நிற்கலாம் என்பதால் லிஃப்டில் ஏறக்கூடாது.

ஓடுவதிலும் ஆபத்துண்டு. 1943 மார்ச் 3 அன்று வான் தாக்குதல் எச்சரிக்கை ஒலி கேட்டு, புகலிடமாகப் பயன்பட்ட லண்டன் பெத்னல் கிறீன் சுரங்க ரயில் நிலையத்துக்கு மக்கள் விரைந்தபோது, அங்கே ஒரு குண்டும் விழாத நிலையில், இருண்ட படிக்கட்டில் ஒருவர் இடறி விழ, பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து 173 பேர் இறந்தார்கள். அவர்களில் 62 பேர் சிறுவர்கள். படிக்கட்டில் செருப்பும் சைக்கிளும் பூச்சாடியும் அடுக்கிவைக்கும் நமது பழக்கத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம். கைவிளக்கு, தண்ணீர், மருந்து, அடையாள அட்டை ஆகியவற்றை ஒரே பையில் வைத்திருந்தால், இருட்டில் தேடித் தாமதிக்க நேராது.

பிள்ளைகளிடம் "அது பட்டாசு" என்று பொய் சொல்வதும் தவறுதான். பயம் குறைவதாகத் தோன்றினாலும், பட்டாசைப் பார்க்க வாசலுக்கு ஓடும் பிள்ளையைப் பிறகு யார் தடுப்பது? சத்தம் கேட்டால் எங்கே போவது, எப்படிக் குப்புறப் படுத்துத் தலையைக் கைகளால் மூடுவது என்பவற்றைப் பகலில், விளையாட்டைப் போல, இரண்டு மூன்று தடவை செய்யவைத்தால் அது கைவந்துவிடும். பெயரும் பெற்றோரின் தொலைபேசி இலக்கமும் எழுதிய துண்டைச் சட்டைப் பையில் வைத்துத் தைத்துவிடுங்கள்.

சத்தம் அடங்கியதும் வெளியே வந்துவிடாமல், ஆபத்து நீங்கியதென அறிவிக்கும்வரை உள்ளேயே இருங்கள். மறுநாள் முற்றத்தில் கிடக்கும் இரும்புத் துண்டைப் பிள்ளைகள் பொறுக்க வேண்டாம், பெரியவர்களும் தொடாமல் பொலிசாருக்கு அறிவியுங்கள்.